கதவுக் கட்டில் கணக்கில் ஆறு கிளாஸ்

ஜனவரி 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அதைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், இவர், என் நாத்தனார், குழாய் ரிப்பேருக்கு வந்தவர், ஆக நான்கு பேர். குழாய்க்காரரையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. உறையில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்து, இதில் போனால் திரும்பி வர மனசு வராது என்று முதலில் சொன்னவர் அவர்தான். திரும்பி வராவிட்டால் அண்ணனுக்கு யார் சமைப்பது என்று நாத்தனார் கேட்டார். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினெட்டுப் பக்கத்தையும் உரக்கப் படித்தார்.

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? என் மகள் வேளைக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா? இங்கே நாங்கள் சுகம்.

நம் இருவருக்கும் அறுபது ஆனதற்காக உங்கள் மகனும் என் மகளும் சேர்ந்து ஏழு நாள் கப்பல் பயணம் கொடுத்திருப்பது பெரிய மனசு. இவர் வரமாட்டார். ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிற மனிதர். ஆகவே நீங்களும் நானும் ஒரே அறை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசியதில்லை.

ஆனால் பதினோராம் பக்கத்தில் ஒரு விஷயம் வந்ததும் இவரை நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னேன். 'டிரிங்க்ஸ் பேக்கேஜ்' என்று ஒன்று நமக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஆளுக்குப் பதினைந்து கிளாஸ். பட்டியலில் ஒயின், பீர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. என் வாழ்நாளில் அந்தப் பெயர்களை நான் எழுதியதுகூட இல்லை, இப்போதுதான் எழுதுகிறேன். எனக்கு வேண்டாம் என்று இவரைப் போன் செய்யச் சொன்னேன். ஒரு அறையில் ஒருவர் எடுத்தால் இன்னொருவரும் எடுத்தே ஆகவேண்டும் என்பது விதியாம். உங்களுக்கு அது எதற்கு என்று கேட்கலாமா?

இதைப் போனில் கேட்காததற்குக் காரணம், மாப்பிள்ளை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் பேசுவதை உங்கள் கூடமே உட்கார்ந்து கேட்கிறது. எழுத்து என்றால் நம் இருவரோடு நிற்கும்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

ஜனவரி 24

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி அப்படியே இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. உங்கள் மகள் நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள்.

முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து கேஸ் ஷீட் எழுதியே என் கை சுருக்கமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேக்கேஜ் என் மகன் எடுத்தது. கப்பலில் சாப்பாடு இலவசம், ஆனால் நல்ல காபி, பழரசம், சோடா எல்லாவற்றுக்கும் தனிக் காசு. நமக்காகத்தான் எடுத்திருக்கிறான். ஒயின், பீர் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவது, நாம் தொடவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

விதிகள் என்று அவன் எழுதிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்தான். நம் கிளாஸை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, பிடித்தால் இரண்டு பேருடைய பேக்கேஜ் கார்டும் முடங்கும். லவுஞ்ச் என்கிற உட்காரும் கூடத்தில் ஆறு மணிக்குமேல் ரப்பர் செருப்பு கூடாது. சாமானை வைத்து இடம் பிடிக்கக் கூடாது. கவுண்டரில் இருப்பவரை விரலைச் சொடுக்கிக் கூப்பிடக் கூடாது.

இதைத் தவிர எதுவும் தெரியாது. போய்ப் பார்ப்போம்.

உங்கள் மாப்பிள்ளையின் தாய்

*

பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு நிம்மதி. காபி என்றால் காபி. கடவுள் சாட்சியாகக் காபி.

நீங்கள் கேஸ் ஷீட் என்று எழுதியதைப் படித்து இவர் சிரித்தார். இவரிடம் எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, 'ஆடிட்டர்'. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமான பிறகு பிரார்த்தனைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். எண்களை இவருடைய பழைய டைரியைப் பார்த்துக் கற்றேன். அதனால் எழுத்து என்று எது கையில் கிடைத்தாலும் எனக்கு விட மனசில்லை. எங்கள் பிரார்த்தனைக் குழுவில் சனிக்கிழமைதோறும் முதல் அத்தியாயத்தை வாசிப்பது நான்தான். பதினோரு வருஷமாக அந்த நாற்காலி என்னுடையது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையும்தான்.

கப்பலுக்கென்று ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவிட்டேன். தினம் ஏழு கிளாஸ் குடித்தால் பேக்கேஜுக்குக் கொடுத்த பணம் செரித்துவிடும் என்று போட்டுப் பார்த்தேன். எட்டாவது கிளாஸிலிருந்து பிள்ளைகளுக்கு லாபம். பிள்ளைகள் காசு வீணாகக் கூடாது. பக்கத்துக்கு இரண்டு பத்தி. பெயர் போடவில்லை. நோட்டு எங்காவது விழுந்து தொலைந்தால் ஊரான் நம் பெயரையா படிக்கவேண்டும்? அதனால் ஒன்று 'ஜன்னல் கட்டில்', இன்னொன்று 'கதவுக் கட்டில்'. உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

லவுஞ்சுக்கு என்ன உடுத்துவது? பட்டு அதிகமா? ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் இரண்டும் எடுத்து வருவேன், பெட்டியை நீங்கள்தான் தூக்கவேண்டியிருக்கும்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வீடு வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. தரை இன்னும் ஆடுகிறது. உங்களுக்கும் அப்படியா? காலில் வீக்கம் வடிந்ததா?

இங்கே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் கப்பல் கதை சொல்லியே குரல் கட்டிவிட்டது. ஏழாம் தளத்து லவுஞ்சை விவரித்தால் நாத்தனார் வாயைத் திறந்தபடி கேட்கிறார். அந்த வழவழப்பான பச்சை நாற்காலிகள், காலடிச் சத்தமே கேட்காத கம்பளம், எல்லோரும் ஏதோ நோயாளி தூங்குவதுபோல் தாழ்ந்த குரலில் பேசுவது. முதல் நாள் காலையில் நான் ஜன்னலோரம் நாலு நாற்காலியில் கைப்பை, சால்வை, புத்தகம், கண்ணாடிக்கூடு என்று வரிசையாகப் போட்டு இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போனேனே, அதை மட்டும் சொல்லவில்லை. திரும்பி வந்தால் என் சாமான் எல்லாம் ஒரு வெள்ளித் தட்டில் அடுக்கி, மேலே மடித்த துண்டுச்சீட்டோடு கவுண்டரில் இருந்தது. அரைமணி நேரம் ஆளில்லாத சாமானை எடுத்துவிடுவார்களாம். திட்டாமல் திட்டுவது என்றால் அதுதான். நீங்கள் என்னைத் தெரியாதவர்போல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

தினம் ஏழு கிளாஸ் என்று நான் பிடிவாதமாக நின்றதும் உண்மை. மூன்றாம் நாள் ஐந்தாவது எலுமிச்சை சோடாவைக் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கவுண்டர்காரர், "அம்மா, போட்டி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இன்னும் இரண்டு பாக்கி என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் சிவப்பாக ஒரு கிளாஸ் வாங்கினீர்கள். திராட்சை ரசம் என்றீர்கள். நான் நம்பினேன். கவுண்டரில் கொடுத்த சீட்டைக் கணக்குக்காக எடுத்துப் பார்த்தபோது ஒயின் என்று இருந்தது. உங்களிடம் நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. ஏழாம் நாள்வரை தினம் ஆறு மணிக்கு ஒன்று. சீட்டில் இருந்ததை நான் அப்படியே நோட்டில் எழுதினேன், கதவுக் கட்டில் பத்தியில், ஆறு தடவை.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். பேக்கேஜ் லாபமா நஷ்டமா என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒவ்வொரு கிளாஸும் நோட்டில் இருக்கிறது என்று நானே பெருமையடித்துவிட்டேன். ஆபீஸில் நாலு பேர் போகப்போகிறார்களாம், நோட்டை அனுப்புங்கள் அத்தை என்கிறார்.

உங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது என்று எழுதியது நீங்கள். நான் என்ன செய்ய? உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

மார்ச் 30

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் போட்டுப் பதினோரு நாள் ஆகிவிட்டது. தபால்காரரை நிறுத்திக் கேட்டேன். தினமும் கேட்காதீங்கம்மா, வந்தா தராம எங்க போவேன் என்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மாப்பிள்ளை இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டார். பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் போட்டிருக்கிறேன். வேறு நோட்டில் மாற்றி எழுதவும் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. எழுதினதை அழித்து எழுதிப் பழக்கமில்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் கை வராது, அவ்வளவுதான்.

நீங்களே மகனிடம் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? பெற்ற பிள்ளைதானே.

உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

ஏப்ரல் 8

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வெயில் ஏறிவிட்டது. ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டோம். உங்கள் மகள் பச்சைத் திரை வேண்டும் என்றாள், நான் நீலம் என்றேன், பச்சை வந்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. காலில் வீக்கம் இல்லை. நேற்றுப் பல் டாக்டரிடம் போய் வந்தேன்.

நோட்டை அனுப்பாதீர்கள்.

என் கணவர் குடித்தே போனவர் என்பது சம்பந்தம் பேசும்போதே உங்களுக்குத் தெரியும். என் மகன் இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் சிநேகிதர்களோடு போய்விட்டு வந்தான். அவன் பையில் இருந்த பாட்டிலைக் கழுவுதொட்டியில் உடைத்தேன். அவன் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். "இந்த வாடை அடிச்ச வீட்ல நான் இருக்கமாட்டேன்டா" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை, கல்யாண விருந்தில்கூட அவன் தொட்டதில்லை. எனக்காக.

அவனிடம் போய் நான் எந்த வாயால் சொல்வது?

ஏன் குடித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கு நன்றி. தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் தாய்

*

ஏப்ரல் 17

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதறாமல் படியுங்கள். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது பதினோராம் தேதி. நோட்டு போனது ஒன்பதாம் தேதி. மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர் ஒருவர் இந்தப் பக்கம் வேலையாக வந்தவர், வாசலில் வந்து நின்று கேட்டார். இல்லை என்று எப்படிச் சொல்வது? அலமாரியின் மேலே அவர் கண்ணெதிரே இருந்தது. கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடு பூஜை மாடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தவள்தான், இவர் வந்து சாப்பாடு கேட்கிறவரை எழுந்திருக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி மாப்பிள்ளை போன் செய்தார். சிரிக்கிறார். என்ன சிரிப்பு என்றால், அடக்க முடியாத சிரிப்பு. "அத்தை, கதவுக் கட்டில்ல தினமும் சாயங்காலம் ஒரு ஒயின் போயிருக்கே. அது நீங்கதானே?"

பின்னால் என் மகளும் சிரிப்பது கேட்டது. விடியற்காலையில் எழுந்து பிரார்த்தனை செய்கிறவர் கதவோரம்தான் படுத்திருப்பார் என்று அவர்களாகவே தீர்மானித்திருக்கிறார்கள். உங்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்கு உங்கள் மேல் நம்பிக்கை.

நான் பொய் சொல்வதில்லை. அது உங்களுக்குத் தெரியும். "ரெண்டு கட்டில்லயும் நான் படுத்திருக்கேன் மாப்பிள்ளை" என்றேன். முதல் நாள் நான் கதவுப் பக்கம் படுத்து, குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கிறதென்று உங்களோடு இடம் மாற்றிக்கொண்டேனே, அது உண்மைதானே. அவர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, அத்தை பலே ஆள் என்று போனை வைத்துவிட்டார்.

இனி இந்த விஷயம் முடிந்தது. பல் வலி தேவலையா?

உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

ஏப்ரல் 21

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானத்துக்குள் பதில் எழுதுகிறேன்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்? நான் நோட்டை அனுப்பாதீர்கள் என்றேனே தவிர, என் பழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் என் மகன் அந்தப் பக்கங்களை உரக்கப் படித்தான். எலுமிச்சை சோடா, எலுமிச்சை சோடா, காபி, ஒயின் என்று. உங்கள் மகள் தட்டில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து, நீங்க பக்கத்துலயே இருந்து தடுக்கலையாம்மா என்று கேட்டான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உங்கள் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. அத்தைக்கு இந்த வயதில் ஒரு ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறான். உங்களுக்குச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பானா?

உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் தாய்

*

மே 5

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சோறு இறங்காமல் இருப்பது உடம்புக்கு ஆகாது. நர்ஸுக்கு நான் சொல்லவேண்டுமா?

எங்கள் வீட்டில் ஒரே கும்மாளம். மகள் தன் அப்பாவுக்குச் சொல்லிவிட்டாள். இவர் அன்று சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குத் தோளில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு, தட்டில் ஒரு கிளாஸ் திராட்சை ரசத்தோடு வந்து நின்றார். "மேடம், ஜன்னலோரமா, கவுண்டர் பக்கமா?" நாற்பது வருஷத்தில் இந்த மனிதர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. நான் மேடம் மாதிரியே வாங்கிக் குடித்தேன். இப்போது தினமும் கொண்டு வருகிறார். எவ்வளவு நாள் ஓடும் என்று பார்க்கலாம்.

நாத்தனார் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அவரும் எங்கள் பிரார்த்தனைக் குழுதான். அங்கே வாசிப்புக்கு இப்போது வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். தையற்கடை வைத்திருக்கிற அம்மா. கல்லூரிவரை படித்தவர், உச்சரிப்பு என்னைவிட நன்றாக இருக்கிறது. எனக்கும் சனிக்கிழமை காலை ஓய்வு கிடைத்திருக்கிறது. இரண்டு வாரமாக அலமாரிகளை ஒழித்தேன். மேல்தட்டில் ஒரு பழைய பூட்டு கிடைத்தது, சாவி இல்லை.

என்னைத் தியாகி என்று நினைக்காதீர்கள். அதற்கு நான் லாயக்கில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்

*

மே 26

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. சும்மா இருக்கவில்லை.

வாசிப்புக்கு வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் பழைய பூட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் உங்கள் மகளைக் கேட்டேன். அவள் உங்கள் நாத்தனாரைக் கேட்டுச் சொன்னாள். குழுத்தலைவியம்மா எல்லோர் முன்னிலும், கொஞ்ச நாள் பின்வரிசையில் உட்காருங்கள் என்று சொன்னாராம். நீங்கள் பின்வரிசையிலும் உட்காராமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்களாம். பதினோரு வருஷம். எழுத்துக் கூட்டிப் படித்து வாங்கிய நாற்காலி.

அன்றே என் மகனை உட்காரவைத்துச் சொன்னேன். கதவுக் கட்டில் நான்தான் என்றேன்.

அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் பேசவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தான். "ஏம்மா?" என்றான்.

உங்களிடம் கேட்காதீர்கள் என்று சொன்னதை அவனிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். கப்பலில் நமக்கு எதிர் மேஜையில் வயதான புருஷன் பெண்சாதி உட்காருவார்களே, தொப்பிக்காரரும் அவர் மனைவியும். ஆறு மணிக்கு வருவார்கள், ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்பார்கள், எழுந்து நாற்காலியைச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஒரு கிளாஸோடு எழுந்து போகிற மனிதரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. என் வீட்டில் பார்த்ததில்லை, வார்டில் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியென்றால் அது பாட்டிலின் குற்றமா, அவருடைய குற்றமா, நான் ஏதாவது செய்திருக்கலாமா என்று என்னென்னவோ ஓடியது. நாமும் ஒரு கிளாஸோடு எழுந்திருக்க முடிகிறதா பார்ப்போம் என்று வாங்கினேன். ஆறு நாளும் எழுந்தேன்.

இதைக் கேட்டுவிட்டு அவன் தட்டிலிருந்த பீன்ஸை எடுத்து நார் உரித்தான். அப்புறம், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"மொத நாள் இருமல் மருந்து மாதிரி இருந்துச்சு. அஞ்சாம் நாள் பரவாயில்ல" என்றேன்.

சிரித்தான் சம்பந்தியம்மா. எனக்கும் சிரித்தான். கண் துடைத்துக்கொண்டே சிரித்தான். அந்தச் சத்தியத்தை என் தலையிலிருந்து இறக்கிவிடுகிறேன், இனி உன் இஷ்டம் என்றேன். இருக்கட்டும்மா, எனக்கு எலுமிச்சை சோடாவே பிடிக்கும் என்கிறான்.

உங்கள் குழுத்தலைவியம்மாவுக்கும் ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் என்று கையெழுத்திட்டு, பழைய ரப்பர் முத்திரையையும் குத்தினேன். இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை மேற்படி அம்மையார் என் நேரடிப் பார்வையில் இருந்தார், ஒயினை ஒரு சொட்டும் தொடவில்லை, குடித்தது நான் என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்கென்ன, நான் அந்த ஊரிலா இருக்கிறேன்?

உங்கள் மாப்பிள்ளையின் தாய்

*

ஜூன் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை உரக்கப் படித்தேன். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நீங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் சிரித்த இடத்தில் நானும் அழுதுகொண்டே சிரித்தேன். நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?

போன சனிக்கிழமை குழுத்தலைவியம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். ரப்பர் முத்திரையைப் பார்த்து மிரண்டுபோயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று பயந்தாராம். உங்கள் கடிதத்தைக் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்களாம். நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம், வரும் இருபத்தொன்றாம் தேதியிலிருந்து நீங்களே வாசியுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தையற்கடை அம்மாவுக்கும் சந்தோஷம்தான், சனிக்கிழமைதான் அவருக்கு வியாபாரமாம். நாத்தனார் இரண்டு மாதப் பேச்சை ஒரே நாளில் பேசித் தீர்த்தார். உங்களைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த நர்ஸம்மாவைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். அதோடு குழுவில் ஒன்பது பேர் அடுத்த வருஷம் கப்பலில் போகவேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். பேக்கேஜ் எடுக்கலாமா என்று என்னிடம்தான் கேட்கிறார்கள்.

நான் ஆனந்தமாக இருக்கவேண்டும். இருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அதற்குக் காரணத்தை, இவரைத் தவிர, உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஏழாம் நாள் சாயங்காலம் உங்கள் கிளாஸ் பாதிக்கு இருந்தது. நீங்கள் கவுண்டர்காரரிடம் விடை சொல்லிக்கொள்ள எழுந்து போனீர்கள். அவர் உங்களிடம் தன் பேத்தியின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். தொப்பிக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தேன். சின்ன வாய் இல்லை. நல்ல வாய்.

ஏன் என்று கேட்டால் உங்களைப்போல் எனக்கு ஒரு கனமான காரணம் கிடையாது. அதுதான் சங்கடம். அந்த நிறம் ஆறு நாளாக என் கண்ணெதிரே மினுங்கிக்கொண்டே இருந்தது, ருசி எப்படி என்று தெரிந்துகொள்ளவேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான். அடுத்தவர் கிளாஸைப் பங்கிடக் கூடாது என்ற விதியையும் சேர்த்தே மீறினேன். இருமல் மருந்து மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளாஸ் கணக்குதான் நோட்டில் இருந்தது. ஒரு வாயை எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல் எழுதாமலே விட்டேன். மாப்பிள்ளை போனில் கேட்டபோது நான் உங்களைக் காப்பாற்றவேண்டும் என்றுதான் அப்படிப் பதில் சொன்னேன், அது சத்தியம். ஆனால் உள்ளுக்குள் ஒரு பக்கம், இது அடியோடு பொய்யும் இல்லையே என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அதனால்தான் தியாகி என்று நினைக்காதீர்கள் என்று எழுதினேன்.

இப்போது உங்கள் முத்திரை குத்திய கடிதம் குழுவின் கோப்பில் இருக்கிறது. ஒரு சொட்டும் தொடவில்லை என்று. நீங்கள் அறிந்து பொய் எழுதவில்லை. ஆனால் அறிந்த நான் அதன் மேல் ஏறி அந்த நாற்காலியில் உட்காரவேண்டும். சொல்லிவிட்டால் நாற்காலி போகும். உங்கள் முத்திரைக்கும் மதிப்புப் போகும். சொல்லாவிட்டால் நான் வாயைத் திறந்து முதல் வரியை எப்படி வாசிப்பேன் என்று தெரியவில்லை. இவரிடம் சொன்னேன். "ஒரு வாய்தானேடி" என்று சொல்லிவிட்டு, திராட்சை ரசத்தை நீட்டுகிறார்.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. பத்தொன்பதாம் தேதிக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்